பிள்ளைகளைப் பறவை எண்ண அழைத்துப் போகிறார்கள்: அனுப்பலாமா?

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளைக் குளம் குளமாக அழைத்துப்போய்ப் பறவை எண்ண வைக்கிறார்கள். தை மாதத்து ஞாயிறு ஒன்றில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியோடு நானும் போனேன். தலைக்கு 200 ரூபாய். துணைக்கு வரும் கிழவர்களுக்குச் சலுகை கிடையாது. வேன், காலையில் இட்லி, இரண்டு பேருக்கு ஒரு பைனாகுலர், ஆளுக்கொரு படிவம், பென்சில். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எண்ணுகிறேன் என்று யார் சொன்னாலும் கூர்ந்து பார்ப்பது என் வழக்கம். ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

தொடக்கம் சரியில்லை. விடியுமுன் கிளம்பி, நயினார்குளக் கரையில் இறங்கியதும் பேனரை விரித்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒருவர் பேசினார். பிறகு வலது கையை நீட்டி உறுதிமொழி. பள்ளியில் பசுமைப் படை என்ற பெயரில் இதையெல்லாம் பிள்ளைகள் ஏற்கெனவே மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். இங்கே அதற்கு என்ன வேலை? பேத்தியின் வாய் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தது. கண் தண்ணீரில் நின்ற கொக்கின் மேல் இருந்தது. எல்லாம் முடிந்து புகைப்படமும் எடுத்து நிமிர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது, பாதிப் பறவைகள் இரைதேடப் பறந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் நான்கு நட்சத்திரமும். எங்கள் குழுவை வழிநடத்திய பெண் விலங்கியல் படிக்கிறவர். இருபது வயதுகூட இருக்காது. குளத்து நடுவே நீர்க்காகங்கள் கூட்டமாக மிதந்தன. "சுமார் முந்நூறு" என்றான் ஒரு பையன். அவர் விடவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டம் முழுக்க வைத்துக்கொண்டே போக வேண்டும். கூட்டம் பெரிதென்றால் பத்துக்குப் பதில் ஐம்பது, நூறு. நூறு நோட்டுக் கட்டின் தடிமனை விரலாலேயே அறிகிற வித்தைதான் இது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. நீர்க்காகத்துக்கு வைத்த அளவை நாரைக்கு வைக்கக் கூடாது, ஒவ்வோர் இனமும் நெருங்கி நிற்கிற விதம் வேறு என்றும் சொன்னார். இரண்டிரண்டு பேராகத் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் நடுவில் ஓர் எண்ணைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது, மறுபடி எண்ண வேண்டும். அடையாளம் தெரியாத பறவைக்கு 'தெரியாது' என்று எழுத ஒரு கட்டமே படிவத்தில் இருக்கிறது. ஊகித்துப் பெயர் எழுதிய பிள்ளையிடம் ரப்பரை நீட்டினார். எங்கள் கிளையில் இப்படி ஒரு மேலாளர் இருந்திருக்கலாம்.

இந்தக் கணக்கு வீண் கணக்கும் இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. நம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல், மணிமுத்தாற்றில் இருக்கும், ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் தன்னார்வலர்களைச் சேர்த்து எண்ணிவருகிறது. பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான், எந்தக் குளத்தில் எது குறைகிறது, கரையில் மரம் போனதாலா, தண்ணீரில் படரும் அமலைச் செடி மூடியதாலா என்று பேசவே முடியும். வேனில் போகும்போது இதை அந்தப் பெண் விளக்கினார். காலையில் பேசிய பிரமுகரின் நேரத்தை இவருக்குக் கொடுத்திருக்கலாம்.

அடுத்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாகி, பிறகு ராம்சார் என்ற உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்த இடம். கருவேல மரங்களின் உச்சியில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு வைத்திருந்தன. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பெரிய தொலைநோக்கியில் காட்டினார்கள். ஒரே ஒரு தொலைநோக்கி, வரிசை நீளம். பேத்திக்கு முறை வருவதற்குள் பாதி வாத்து நகர்ந்துவிட்டது.

வரிசையில் நிற்கப் பிடிக்காமல் கரையில் இருந்த விவசாயி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் பெருகினால்தான் பறவை தங்கும் என்றார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்பதை அவர் ஒரு பெருமையாகவே சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இரவில் தயிர் கடன் கொடுப்பதில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். பிறகு கேட்டார்: "எண்ணிக்கொண்டு போகிறீர்கள், சரி அண்ணாச்சி. எவ்வளவு இருந்தது என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?"

இதை அமைப்பாளர் தம்பியிடம் கேட்டேன். இ-பேர்டு என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றிவிடுவோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார். கேட்டவர் கையில் இருந்தது பொத்தான் போன்.

ஐந்தாவது நட்சத்திரம் இங்கேதான் நின்றுவிட்டது. எங்களைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு நின்றார்கள். எந்த மரத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று வழிகாட்டிகளுக்கே காட்டியவர்கள் அவர்கள். ஆனால் ஒருவர் கையிலும் படிவம் இல்லை, பைனாகுலரும் போகவில்லை. குளம் அவர்களுடையது, அதைக் காக்கிற வேலையும் நாளைக்கு அவர்கள் தலையில்தான் விழும். பாளையங்கோட்டையிலிருந்து 200 ரூபாய் கட்டி வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விழிப்புணர்வு ஊட்டிவிட்டு வேன் ஏறுவது எனக்கு ஒப்பவில்லை.

மற்றபடி, இட்லி வாழை இலையில் வந்தது, சட்னி கெட்டி. கழிப்பறைக்கு ஏற்பாடு இல்லை. பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கரையெல்லாம் முள் என்பதால் ரப்பர் செருப்பு உதவாது, ஷூ போட்டு அனுப்புங்கள். ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள் சீக்கிரம் சலித்துவிடுகிறார்கள்.

அடுத்த பயணம் திருப்புடைமருதூருக்காம். 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் பறவைகள் அடைகின்றன. பேத்தி பெயர் கொடுத்துவிட்டாள். நான் பணம் கட்டும்போது இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறேன்: கூந்தன்குளத்துக் கணக்கைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அந்த ஊர் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும், திருப்புடைமருதூரில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் படிவம் கொடுக்க வேண்டும். படிவம் நகலெடுக்கும் செலவை நான் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.