முப்பது டொமைன்களை எங்கே வைப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஒப்பீடு

ஒரேயொரு டொமைன், அதாவது இணையத்தளப் பெயர், வைத்திருப்பவருக்கு அதைப் பதிந்து தரும் எந்தப் பதிவு நிறுவனமும் சரிதான். ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கூடிக் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இணையத்தள வேலை செய்பவர்களின் கதை வேறு. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை, திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்வி நிலையம், ஒரு பழைய மாணவர் சங்கம், கனடாவில் இருக்கும் சித்தப்பா நடத்தும் ஊர்த்தளம், எப்போதாவது விற்கலாம் என்று வாங்கிப் போட்ட நாலைந்து பெயர்கள் என்று சேர்ந்து முப்பதைத் தொட்டுவிடும். அப்புறம்தான் நிறுவனங்களுக்கு இடையிலான வித்தியாசம் உறைக்கத் தொடங்கும்.

முதலில் விலை. டொட் கொம் பெயர்கள் அனைத்தும் வெரிசைன் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பவை. அது பதிவு நிறுவனங்களிடம் அறவிடும் மொத்த விலை 2024 செப்டெம்பரில் ஆண்டுக்கு 10.26 டொலர் ஆனது. இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்புக்குப் போகும் சில சதங்களையும் சேர்த்தால் அதுதான் அடிவிலை. யாராவது ஒரு டொலருக்கு டொட் கொம் தருகிறார்கள் என்றால், விட்ட காசை அடுத்த ஆண்டு உங்களிடம்தான் எடுப்பார்கள். பதிவு நிறுவனங்களில் கிளவுட்பிளேயர் அந்த அடிவிலைக்கே, இலாபம் வைக்காமல் விற்கிறது. போர்க்பன் 11 டொலர் அளவில், முதல் ஆண்டும் அடுத்த ஆண்டும் ஏறக்குறைய ஒரே விலை. நேம்சீப் முதல் ஆண்டில் கழிவு தந்து, புதுப்பிக்கும்போது கணிசமாகக் கூட்டும். கோடாடியில் புதுப்பித்தல் 20 டொலரைத் தாண்டும். டொலரை 300 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால், முப்பது பெயர்களுக்குப் போர்க்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம், கோடாடியில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். அந்த வித்தியாசத்துக்கு ஈடாக கோடாடி தருவது தொலைபேசி உதவியும், வாங்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் வேறு எதையாவது தலையில் கட்டப் பார்க்கும் விளம்பரமும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கிளவுட்பிளேயரிலேயே வைத்தால் என்ன? அங்கே ஒரு கொக்கி இருக்கிறது. கிளவுட்பிளேயரில் பதிந்த பெயருக்கு அவர்களுடைய நேம்சேவரைத்தான் (பெயரைத் தேடுபவருக்குத் தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் சேவையகம்) பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கணக்கில் அதை மாற்ற முடியாது. வாடிக்கையாளர் நாளைக்குக் கொழும்பில் தளத்தை வைக்க இடம் தரும் ஒரு ஹோஸ்டிங் கொம்பனிக்குப் போய், அவர்கள் தங்கள் நேம்சேவரைப் போடச் சொன்னால், பெயரையே வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டிவரும். பதிந்து 60 நாள் ஆகாவிட்டால் அதுவும் நடக்காது. ஆகவே என் கணக்குப்படி, உங்கள் சொந்தத் தளங்களும் ஏற்கெனவே கிளவுட்பிளேயர் டிஎன்எஸ்ஸில் (பெயரைத் தளத்தோடும் மின்னஞ்சலோடும் இணைக்கும் அமைப்பு) ஓடுபவையும் அங்கே இருக்கட்டும். மற்றவர்களுடைய பெயர்களை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

உண்மையான போட்டி போர்க்பன், நேம்சீப், டைனாடொட் மூன்றுக்கும் இடையில்தான். மூன்றிலும் பதிவு விவரங்களை மறைக்கும் வசதி இலவசம். பெயர்களை வாங்கி விற்பவர்களுக்கு டைனாடொட் தோது: கோப்புறையாகப் பிரிக்கலாம், ஐம்பது பெயருக்கு ஒரே தடவையில் நேம்சேவர் மாற்றலாம், சந்தையும் உள்ளேயே இருக்கிறது. நேம்சீப்பில் எனக்குப் பிடித்தது, ஒரு குறிப்பிட்ட பெயரை நிர்வகிக்கும் உரிமையை மட்டும் இன்னொரு கணக்குக்குக் கொடுக்கலாம் என்பது. பெயர் கடைக்காரரின் கணக்கிலேயே இருக்கும். நீங்கள் வேலையை மட்டும் பார்ப்பீர்கள். போர்க்பனில் முகப்பு எளிமை, விலை நேர்மை. விற்கும் எண்ணம் இல்லாமல் சும்மா ஒழுங்காக வைத்திருக்க விரும்புபவருக்கு நான் சொல்வது போர்க்பனைத்தான்.

காசு கட்டும் வழியை வெளிநாட்டு ஒப்பீடுகளில் யாரும் எழுதமாட்டார்கள். நமக்கு அதுதான் பாதிப் பிரச்சினை. 2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியதை எவரும் மறக்கவில்லை. சில வங்கி அட்டைகளில் வெளிநாட்டுக் கொடுப்பனவே போகாத காலம் அது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை மட்டும் நம்பி இருந்தால், அட்டை மறுக்கப்பட்ட அன்றே பெயர் ஆட்டம் காணத் தொடங்கும். நேம்சீப், போர்க்பன், டைனாடொட் மூன்றிலும் கணக்கில் முன்கூட்டியே காசு போட்டு வைக்கலாம். புதுப்பித்தல் அதிலிருந்து கழியும். கிளவுட்பிளேயரோ அட்டையையோ பேபாலையோ எதிர்பார்க்கும். முக்கியமான பெயர் என்றால் கையில் காசு இருக்கும்போது மூன்று, ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். டொட் கொம்மைப் பத்து ஆண்டு வரை நீட்டலாம்.

அடுத்தது உள்ளூர் முகவர்கள். ‘ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் இலவசம்’ என்பவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ரூபாயில் வாங்குகிறார்கள், தமிழில் பேசலாம், இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்டாலும் பதில் வரும். ஆனால் பல இடங்களில் பெயர் முகவரின் மின்னஞ்சலில்தான் பதியப்பட்டிருக்கும். காணி உங்களுடையது, உறுதி அடுத்த வீட்டுக்காரர் பெயரில் என்ற கதைதான். முகவர் கடையை மூடினாலோ வெளிநாடு போய்விட்டாலோ, இது என்னுடைய பெயர் என்று நிறுவுவது பெரும்பாடு. ஊர்த்தளங்களில் இது இன்னும் மோசம். லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் ஒருவர் தன் சொந்த அட்டையில் பதிந்து, பல ஆண்டுகளாகக் கட்டி வந்திருப்பார். அவர் காலமானபின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கோயில் திருவிழாப் படங்களும் மரண அறிவித்தல்களும் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, அந்தப் பெயரிலேயே கணக்கைத் திறந்து, இரண்டு பேரிடமாவது விவரம் இருக்கச் செய்யுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் ஓடுவதாக இருக்கக் கூடாது. டொமைன் விழுந்தால் மின்னஞ்சலும் விழும்.

வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் பதியும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகவரியை உறுதிசெய்யச் சொல்லி ஒரு மடல் வரும். 15 நாளுக்குள் அதில் உள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயர் இடைநிறுத்தப்படலாம். கடைக்காரர்கள் அதைக் குப்பை மடல் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பதிந்த அன்றே தொலைபேசியில் சொல்லி அழுத்தவைப்பது நல்லது.

டொட் எல்கே இந்தப் போட்டிக்குள் வராது. 1990 முதல் இருக்கும் அந்தப் பெயர்வெளியையும், 2010 இல் வந்த டொட் இலங்கையையும் எல்கே டொமைன் பதிவகமே நடத்துகிறது. ரூபாயில் கட்டலாம், உள்ளூர்க் கடைக்கு நம்பிக்கையும் தரும். 2021 பெப்ரவரியில் அந்தப் பதிவகத்தின் மீதே தாக்குதல் நடந்து, கூகிளின் எல்கே முகவரி உட்படச் சில தளங்கள் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அதற்காக எல்கேயை விட்டுவிடத் தேவையில்லை. டிஎன்எஸ்ஸை மட்டும் கிளவுட்பிளேயரில் வைத்துக்கொண்டால் மற்றப் பெயர்களோடு ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இருக்கும் இடத்திலிருந்து மாறுவது பலர் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலில்லை. 2023 இல் கூகிள் தன் டொமைன் சேவையை ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றபோது, விருப்பமில்லாமலே எத்தனையோ பேர் இடம் மாறினார்கள். பழைய நிறுவனத்தின் கணக்கில் பெயருக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை எடுத்து, புதிய இடத்தில் கொடுத்தால் சில நாளில் முடியும். அதற்குக் கட்டும் காசில் ஓராண்டு நீட்டிப்பும் சேர்ந்தே வரும். டிஎன்எஸ் பதிவுகளை முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, காலாவதிக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். காலாவதி நாளைத் தவறவிட்டு, கூடுதல் கட்டணம் கட்டினால்தான் பெயர் திரும்பக் கிடைக்கும் மீட்புக் காலத்துக்குள் விழுந்தால், ஒரே பெயரை மீட்கக் கேட்கும் கட்டணத்தில் ஐந்தாறு பெயர்களைப் புதுப்பித்துவிடலாம்.