ஆம்பர் தேடும் டார்ச்: வெளிச்சத்தில் குறையில்லை, பையில்தான் வம்பு

பால்டிக் கடற்கரையில் ஆம்பர் (கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின்) பொறுக்கவென்றே விற்கும் புற ஊதா டார்ச் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். டார்ச், கண்ணுக்குக் கண்ணாடி, ஒரு சுருக்குப் பை. நவம்பரில் ஜெர்மனியின் உசெடோம் தீவில் மூன்று இரவு அலைந்துவிட்டு எழுதுகிறேன்.

டார்ச் அருமை. ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர். முன்பு வைத்திருந்த 395 டார்ச்சை அடித்தால் மணல், பாசி, சிப்பி எல்லாமே ஊதாவாகிவிடும். இதில் கரை இருட்டாகவே இருக்கிறது. ஒதுங்கிய பாசிக்கு நடுவில் ஆம்பர் மட்டும் மினுங்குகிறது. அந்தக் குளிரிலும் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது.

அப்புறம் அந்தப் பை. பருத்தித் துணி, கழுத்தில் மாட்ட நாடா. கிடைத்ததைப் போட்டுச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. இரண்டாம் இரவு சுண்டுவிரல் நகம் அளவில் மஞ்சளாக ஒன்று கிடைத்தது. பையைத் திறந்தேன். பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த பெரியவர், “துணியில் போடாதீர்கள்!” என்று ஒரு தகர டப்பாவை நீட்டினார்.

1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் இங்குள்ள பேனமுண்டே ராக்கெட் தளத்தைத் தாக்கின. அப்போது கடலில் விழுந்த தீக்குண்டுகளின் வெள்ளை பாஸ்பரஸ் இன்னமும் கரை ஒதுங்குகிறது. பார்த்தால் ஆம்பரேதான். ஈரமாக, குளிராக இருக்கும்வரை சும்மா கிடக்கும். உடம்புச் சூட்டில் காய்ந்தால் தானாகப் பற்றி, 1300 டிகிரி வரை எரியும். தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் காய்ந்ததும் திரும்பப் பிடிக்கும். இதைத்தான் சட்டைக்குள் வைக்கச் சொல்கிறார்கள்!

பெரியவர் முன்பு மீன்பிடிப் படகில் இருந்தவர். அவருக்குப் பயம் பாஸ்பரஸ் மேல் அல்ல. பால்டிக் கடலில் டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே, 1947-ல் தொடங்கி, ஜெர்மன் ரசாயன ஆயுதங்களைச் சோவியத் படை குறைந்தது 32,000 டன் கொட்டியது. பெரும்பகுதி கடுகு வாயு. பெயரில்தான் வாயு, குளிர்ந்த கடலடியில் மேலே தோல் கட்டி, உள்ளே கொழகொழவென்று, களிமண் உருண்டை மாதிரி கிடக்கும். வலையோடு வந்ததைக் கையால் தள்ளினால் உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் என்றார். 1955-ல் போலந்தின் தார்வுஃப்கோ கடற்கரையில் ஒதுங்கிய கடுகு வாயுப் பீப்பாயால் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் புண்பட்டார்கள். கூடவே கொட்டிய ஆர்சனிக் சேர்மங்கள் சிதைந்தாலும் ஆர்சனிக் எங்கும் போவதில்லை. போர்ன்ஹோம் பக்கம் வண்டலிலும் மீனிலும் அதன் தடயம் கிடைத்திருக்கிறது.

என் துண்டை டப்பாவோடு பால்கனியில் காயவிட்டேன். மறுநாள் நல்ல உப்புக் கரைசலில் மிதந்தது, பாஸ்பரஸ் என்றால் மூழ்கியிருக்கும். ஆம்பர்தான்.

விற்றவர்களுக்கு விவரமாக எழுதினேன். பையின் நிறம் பிடிக்காவிட்டால் வேறு நிறம் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

டார்ச்சுக்கு ஐந்து நட்சத்திரம், பைக்கும் கையேட்டுக்கும் பூஜ்யம். சரி, மூன்று போடுகிறேன். வாங்குபவர்கள் மூடியுள்ள தகர டப்பா ஒன்றைத் தனியாக எடுத்துப் போங்கள். பையில் இப்போது டார்ச்சைத்தான் போட்டு வைத்திருக்கிறேன், அளவு கச்சிதம்.