வெல்டிங் போடலாமா என்று சாட்பாட்டிடம் கேட்டேன்

கும்மிடிப்பூண்டி பக்கம் சால்வென்ட் (கரைப்பான்) மீட்கும் சின்ன ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மொத்தமே நாற்பது பேர். தனியாகச் சேஃப்டி ஆபீசர் கிடையாது. இதை எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு போன வருடம் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். "எல்லா ஸ்டாண்டர்டும் படித்த ஏஐ சார், சேஃப்டி ஆபீசர் இல்லாத குறையே தெரியாது" என்றார் சேல்ஸ்மேன். வருடச் சந்தா 48,000 ரூபாய். முதலாளி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

ஆரம்பத்தில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வடநாட்டுப் பையன்களுக்கு இந்தியில் அறிவிப்பு எழுதித் தரும். அதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு நாள் டொலுவீன் (எளிதில் தீப்பற்றும் சால்வென்ட்) டேங்கில் நாஸில் (குழாய் சேரும் வாய்) அருகே விரிசல். டேங்கைக் காலி செய்து, லைன்களுக்கு பிளைண்ட் (அடைப்புத் தகடு) போட்டு, உள்ளே இருக்கும் ஆவியை வெளியேற்ற ராத்திரி முழுக்க நைட்ரஜன் விட்டோம். காலையில் மேன்ஹோல் வழியாக மீட்டரை இறக்கினால் எல்ஈஎல் (காற்றில் ஆவி தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு; அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று மீட்டர் காட்டும்) பூஜ்யம். எங்களிடம் இருந்தது எரிவாயுவை மட்டும் காட்டும் பழைய மீட்டர். வெல்டர் வந்து காத்திருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று போனை எடுத்து, "டொலுவீன் டேங்க், நைட்ரஜன் பர்ஜ் முடிந்தது, எல்ஈஎல் 0, உள்ளே இறங்கி வெல்டிங் போடலாமா?" என்று கேட்டேன்.

போடலாம் என்றது. பத்து சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் பாதுகாப்பான அளவாம். கூடவே எட்டு குறிப்புகள்: கையுறை, தீயணைப்பான், வெளியே ஒரு ஆள், இப்படி. ஐஎஸ் (இந்திய ஸ்டாண்டர்டு) எண் ஒன்றும் போட்டிருந்தது. பிறகு தேடிப் பார்த்தால் அந்த எண்ணுக்கும் டேங்குக்கும் சம்பந்தமே இல்லை. அப்போது யார் தேடினார்கள்? வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட்டை எடுத்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

பாய்லர் கேஜ் பார்க்க வந்திருந்த பழைய இன்ஸ்ட்ருமென்ட் ஆள், ரிட்டையர் ஆனவர், எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "தம்பி, உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு இருக்கு?"

தெரியவில்லை. பக்கத்து யூனிட்டில், ஆக்சிஜனையும் சேர்த்து நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கி வந்து இறக்கினோம். ஆக்சிஜன் 3 சதவீதத்துக்கும் கீழே. மீட்டர் அலறுகிறது.

விஷயம் இதுதான். அந்தப் பழைய மீட்டருக்குள் பிளாட்டினம் கம்பி சுற்றிய சின்ன மணி ஒன்று சூடாக இருக்கும். வாயு அதன் மேல் பட்டு எரிந்தால் மணியின் சூடு ஏறும், அதை வைத்துத்தான் எல்ஈஎல் கணக்கு. எரிய ஆக்சிஜன் வேண்டாமா? நைட்ரஜன் நிறைந்த டேங்கில் டொலுவீன் ஆவி எவ்வளவு இருந்தாலும் முள் நகராது. அதனால்தான் முதலில் ஆக்சிஜன், அடுத்து எரிவாயு, அதற்கப்புறம் நச்சு வாயு என்று அளக்கும் வரிசையே வந்தது. போதாததற்கு எங்கள் மீட்டர் மீத்தேனை வைத்து அளவு சரிசெய்தது (காலிபரேட்). டொலுவீன் இருந்தால் உள்ள அளவில் பாதியைத்தான் காட்டும், சில சென்சார் அதைவிடவும் குறைவாக.

காற்றால் ஓடும் ப்ளோயர் வைத்து வெளிக்காற்றை உள்ளே விட்டோம். சுற்றிலும் ஒரு பொறிகூட வரக்கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான். அதே பழைய மீட்டர், காலையில் பூஜ்யம் காட்டியது, எல்ஈஎல்லில் 38 சதவீதத்துக்கு ஏறியது. அடியில் ஒட்டியிருந்த சேற்றில் டொலுவீன் ஊறிக் கிடந்திருக்கிறது.

அப்படியே விட்டிருந்தால் தீ பிடிப்பதற்கு முன்பே வெல்டர் மயங்கி விழுந்திருப்பார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே இறங்கக்கூடாது. 3 சதவீதத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் நினைவு போய்விடும், நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது. அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியத்தின் கணக்கில் 1992 முதல் 2002 வரை அந்த நாட்டில் மட்டும் நைட்ரஜனால் மூச்சடைத்து இறந்தவர்கள் 80 பேர்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அதே சாட்பாட்டிடம், "ஆக்சிஜன் இல்லாத டேங்கில் எல்ஈஎல் மீட்டர் சரியாகக் காட்டுமா?" என்று கேட்டேன். காட்டாது என்று அழகாக, காரணத்தோடு, நான் மேலே எழுதியதைவிடத் தெளிவாக விளக்கியது. எனக்கு வயிறு எரிந்தது. தெரிந்திருக்கிறது! காலையில் நைட்ரஜன் என்று நானே எழுதியும் ஆக்சிஜன் எவ்வளவு என்று திருப்பிக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனுக்கு அதன் பதிலே தேவைப்படாதே.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: பதில்கள் பொதுத் தகவலுக்கு மட்டுமே, தகுதியுள்ள ஆளைக் கொண்டு சரிபார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. தகுதியுள்ள ஆள் இல்லை என்றுதானே ஐயா உங்களிடம் வாங்கினோம்? சேல்ஸ்மேன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

உங்கள் ஆலைக்கும் இப்படி யாராவது டெமோ காட்ட வந்தால், அவர்கள் கொண்டுவரும் கேள்விகளை விட்டுவிட்டு நான் கேட்டதை அப்படியே கேளுங்கள். ஆக்சிஜனைப் பற்றித் தானாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பேங்கில் சொல்லி ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள். ரத்து செய்து மெயில் அனுப்பிய பிறகும் எங்களுக்கு இந்த மார்ச்சில் இன்னொரு 48,000 பிடித்துவிட்டார்கள்.