சொந்த டிரஸ்டா, பள்ளியில் கட்டளையா, அரசுத் திட்டமா? கடலூர், புதுச்சேரி குடும்பங்கள் ஊருக்குக் கொடுக்கும் வழிகள்: ஓர் அலசல்

வசதியான குடும்பத்திடம் போய் "ஊருக்கு ஏதாவது செய்யுங்க" என்று கேட்டால் "கண்டிப்பா செய்யலாம்" என்று பதில் வரும், பணம் வராது. கொடுக்க மனசில்லை என்று சொல்லிவிட முடியாது. எதற்கு, எவ்வளவு, எத்தனை வருஷம், கணக்கு யார் கையில் என்ற நான்கில் ஒன்றையும் கேட்டவர் சொல்லியிருக்க மாட்டார். மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், முத்தியால்பேட்டை என்று எந்தப் பகுதியானாலும் இதே கதைதான். எந்த வழியில் கொடுப்பது என்று முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டால் இந்த நான்குக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

சொந்தக் குடும்ப டிரஸ்ட்

தாத்தா பெயரில் ஒரு அறக்கட்டளை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது சுலபம். அதன்பின் பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு) பதிவுகள். (2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஊரில் எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறோம்.) முதலில் கிடைப்பது 3 வருஷத் தற்காலிகப் பதிவு. வேலை தொடங்கியதும் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் நிரந்தரமல்ல, காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். பல டிரஸ்டுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. பதிந்த கையோடு பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு மூன்றாம் வருஷம் தேடினால், செய்த வேலைக்கு ஆதாரமும் இருக்காது, தேதியும் தாண்டியிருக்கும்.

பத்திரம் எழுதும்போதே வரும் தவறுகள் இரண்டு. முதலாவது, கும்பாபிஷேகத்தையும் கல்வி உதவியையும் ஒரே டிரஸ்டில் சேர்ப்பது. மதச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் 80ஜி போய்விடும். கோயிலுக்குச் செய்வதைத் தனியாகச் செய்யலாம். இரண்டாவது, "எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று எழுதுவது. ஒரு சாதிக்கோ ஒரு மதத்தாருக்கோ மட்டும் என்று ஒதுக்கிய டிரஸ்டுக்கு 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு என்றால் தடையில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு, அது மூலதனம் கரைவது. 50 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 3,50,000 வரும். வருமானத்தில் 85 சதவீதத்தை, அதாவது 2,97,500 ரூபாயை, அந்த வருஷமே அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும். காரணம் காட்டி முறைப்படி படிவம் கொடுத்தால் 5 வருஷம் வரை சேர்த்து வைக்கலாம், ஆனால் அதுவும் கடைசியில் செலவாக வேண்டிய பணம்தான். ஆக, மிச்சம் 52,500. விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய மதிப்பைக் காப்பாற்றவே மூலதனத்தில் வருஷம் இரண்டரை லட்சம் ஏற வேண்டும். குடும்பம் வருஷாவருஷம் கையிலிருந்து சுமார் 2 லட்சம் சேர்க்காவிட்டால் 18 வருஷத்தில் அந்த 50 லட்சத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். ஆடிட்டர் கட்டணம், தணிக்கை அறிக்கை, நன்கொடையாளர் விவரப் பட்டியலான 10பிடி (மே 31-க்குள், தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய்) எல்லாம் இதற்கு மேல்.

எங்கள் தீர்ப்பு: ஒரு கோடிக்குக் கீழே சொந்த டிரஸ்ட் வேண்டாம். அதற்கு மேல் இருந்தாலும், குடும்பத்தில் மாதம் இரண்டு நாள் உட்கார்ந்து வேலை பார்க்க ஆள் இருந்தால் மட்டும் தொடங்கலாம்.

உயில் எழுதிவிட்டால் போதும், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பவர்களுக்குப் பச்சையப்ப முதலியார் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சிதம்பரம் கோயில் உட்படப் பல தர்மங்களுக்கு எழுதிவைத்துவிட்டு 1794-இல் காலமானார். சொத்து வழக்கில் சிக்கி, அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறக்க 1842 ஆகிவிட்டது. கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே நிர்வாகிகள் உட்கார்ந்து ஒரு சுற்று வேலை நடத்திப் பார்த்துவிட வேண்டும்.

இருக்கும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ கட்டளை

நடுத்தர அளவில் கொடுக்கும் குடும்பங்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். 80ஜி உள்ள ஒரு நிறுவனத்திடம் 5 லட்சமோ 25 லட்சமோ கொடுத்து, வட்டியில் ஒரு குறிப்பிட்ட வேலை நடக்க ஏற்பாடு செய்வது. புதுப் பதிவோ தனித் தணிக்கையோ வேண்டியதில்லை.

கெடுவது ஒரே இடத்தில்தான். தாளாளரோ செயலாளரோ மாறும்போது டெபாசிட் முதிர்ந்து, பொதுக் கணக்கில் சேர்ந்து, சம்பளத்துக்குப் போய்விடும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள், ஆனால் கட்டளை போயே போய்விடும். அதனால் பணத்தோடு ஒரு கடிதமும் கொடுக்க வேண்டும். "இத்தொகை மூலதன நிதிக்காக மட்டும்" என்ற வரி அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கணக்கில் சாதாரண வருமானமாக ஏறி, அதில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவழிக்கும் கட்டாயம் வந்துவிடும். டெபாசிட் தனி எண்ணில் இருக்க வேண்டும், ரசீது நகல் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். பயனாளியை யார் தேர்ந்தெடுப்பது, அந்த வேலைக்கே தேவை இல்லாமல் போனால் பணம் எதற்குத் திரும்பும், வருஷக் கணக்கு எந்த மாதம் வீடு வந்து சேரும் என்பதெல்லாம் அதே தாளில் வரட்டும்.

தொகையை நிரந்தரமாக எழுதிவைப்பதும் தப்பு. பழைய கோயில் கட்டளைப் பலகைகளில் ஆயிரத்தொரு ரூபாய்க்கு ஆண்டுதோறும் அபிஷேகம் என்று இருக்கும். இன்றைக்கு அந்த வட்டியில் ஒரு மாலைகூட வாங்க முடியாது. "வட்டியில் இயன்ற அளவுக்கு இன்ன வேலை" என்று எழுதி, 5 வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் மூலதனத்தைக் கூட்டலாம் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் பிரச்சினை வராது.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் மக்கள். அரிசியும் காய்கறியும் இன்றும் பல ஊர்களிலிருந்து வருகின்றன. ஒரு பெரிய கொடையை மட்டும் நம்பாமல், வந்துகொண்டே இருக்கும் சிறு கொடைகளையும் நம்பி நடப்பதால் விலைவாசி அதை அசைக்கவில்லை. சாப்பாடு போடும் தர்மத்துக்கு மூலதனத்தைவிட மாதச் சந்தா பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

அரசுத் திட்டத்தோடு சேர்வது

இதில் எல்லைதான் முக்கியம். தவளக்குப்பத்துக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் இடையில் இருக்கும் ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம், இரண்டு பக்கமும் புதுச்சேரி. குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்பது இங்கே கணக்கில்லை, பள்ளியோ குளமோ எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 'நமக்கு நாமே'யும், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'யும் தமிழ்நாட்டுத் திட்டங்கள். புதுச்சேரியில் இருக்கும் பாகூர் பள்ளிக்கு அவை பொருந்தாது.

'நமக்கு நாமே'யில் மக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒன்று. 15 லட்சம் ரூபாய் வேலைக்கு 5 லட்சம் கொடுத்தால் மீதியை அரசு போடும். பணத்தின் பலம் என்று பார்த்தால் இதற்கு ஈடான வழி வேறில்லை. ஆனால் மதிப்பீடு, ஆட்சியர் அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று போவதால் "அப்பா திதிக்குள் முடியணும்" என்று தேதி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒத்துவராது. சுவரும் கூரையும் எழும்பும், அதன்பின் பராமரிப்புக்கு யாரும் பொறுப்பில்லை. 'நம்ம ஸ்கூல்' வழியில் பள்ளியையும் தேவையையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

புயல், வெள்ளம் என்றால் முதல்வர் நிவாரண நிதிக்கு 100 சதவீத வரிவிலக்கு, உச்சவரம்பும் இல்லை. 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று அடி வாங்கிய பகுதி இது. முதல் வாரம் சாப்பாடும் துணியும் குவியும். படகு, வலை, கூரை ஓடு, நனைந்துபோன பாடப்புத்தகம் ஆகியவற்றுக்கு மூன்றாம் மாதத்தில்தான் ஆள் இருக்காது. குடும்பம் ஒதுக்கும் தொகையில் பாதியை அப்போதைக்கு என்று நிறுத்திவைப்பது நல்லது.

நேரடியாகக் கையில் கொடுப்பது

ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம். வேகமானது, மனசுக்கு நிறைவானது. வரிச்சலுகை கிடையாது. கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டிவிட வேண்டும்.

இங்கே குடும்பங்கள் தவறுவது பெருக்கல் கணக்கில். வருஷத்துக்கு 5 மாணவர்கள், தலைக்கு 60,000 என்றால் 3 லட்சம்தானே என்று தொடங்குவார்கள். படிப்பு நான்கு வருஷம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஐந்து பேர் சேர, நான்காம் ஆண்டில் 20 பேர், 12 லட்சம். அப்போது கைவிடப்படுவது மூன்றாம் ஆண்டு மாணவிதான். பாதியில் நின்ற படிப்புக்குக் கொடுத்த பணம் அவளுக்கும் உதவாது. வருஷம் 3 லட்சம்தான் முடியும் என்றால் ஐந்து பேரை எடுத்து, அவர்கள் முடித்த பிறகே அடுத்த ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள குடும்பங்கள்

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் இது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகன் துபாயிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மகள் பாரீஸிலிருந்து அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே வாங்கலாம், அதுவும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில். அந்தப் பதிவுக்கு 3 வருஷச் செயல்பாடும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்கு மாற்றிவிடவும் முடியாது. ஆகவே இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் புது டிரஸ்ட் கதவை அடைப்பதற்குச் சமம். எஃப்சிஆர்ஏ உள்ள பழைய நிறுவனத்தைத் தேடுவதே வழி.

கேட்கப் போகிறவர்களுக்கு

வரி மிச்சத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பண்ருட்டி முந்திரிக் குடும்பங்களிடம் கொள்முதல் காலத்தில் போகாதீர்கள், கைப்பணம் எல்லாம் கொட்டையில் முடங்கியிருக்கும். "பெயர் வேண்டாம்" என்பவரின் பெயர் பலகையில் இல்லாமல் போகலாம், பதிவேட்டில் பெயரும் முகவரியும் கட்டாயம். இல்லாவிட்டால் அநாமதேய நன்கொடை என்று வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு 30 சதவீத வரி விழும்.

கேட்பதைப் பொருளாகக் கேளுங்கள். அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தர ஆள் கிடைப்பார்கள், அதைக் கழுவுகிறவருக்குச் சம்பளம் தர யாரும் முன்வர மாட்டார்கள். மாதம் 8,000 என்றால் வருஷம் 96,000. வட்டி 7 சதவீதம், அதில் 85 சதவீதம் செலவு என்றால் சுமார் 16 லட்சம் மூலதனம் போதும். கட்டடத்துக்குப் பதில் இதற்கே குடும்பத்தின் பெயரை வைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் இருக்கும்போது சொல்லுங்கள், எங்கே ஓட்டை என்று அவர்கள் உடனே பிடித்துக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு பத்து நாளில் திரும்பப் போக வேண்டும். அப்போது டெபாசிட் ரசீதின் மாதிரி, போன வருஷத் தணிக்கை அறிக்கை, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.