கால் மெலிந்தால் எல்லாம் ஒன்றா? மாவுக்கட்டு, வயது, நோய்

கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். கட்டைப் பிரித்த அன்று பார்த்தால் இடது கெண்டைக்கால் யாரோ பள்ளிக்கூடப் பையனுடையது மாதிரி சூம்பிப் போயிருந்தது. என்னைப் பார்க்க வந்த பெரியப்பாவின் கால்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். "வயசாச்சு இல்ல, வத்தத்தான் செய்யும்" என்றார் பெரியம்மா.

பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

என்னுடையது சும்மா கிடந்ததால் வந்தது. தசை நார் சாகவில்லை, வேலையில்லாததால் மெலிந்தது, அவ்வளவுதான். நடக்க நடக்கத் திரும்பிவிடும். வயதானவர்களுக்கு இதுவும் லேசில்லை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது.

வயதால் வருவதற்கு சார்கோபீனியா என்று 1989இல்தான் பெயர் வைத்தார்கள். இது வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பது. சட்டென்று இயங்கும் நார்கள்தான் அதிகம் சுருங்கும், அதனால் நடை ஓரளவு இருக்கும், ஆனால் பஸ் படியில் கால் வைக்கும்போதோ வழுக்கினால் சுதாரிக்கும்போதோ தடுமாறும். எடை மெஷினை நம்பாதீர்கள்: தசை போன இடத்தில் கொழுப்பு ஏறினால் முள் அசையாது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை. இதற்கு மருந்து, எடை தூக்கும் பயிற்சியும் புரதமும்தான்.

மூன்றாவது கேக்கெக்ஸியா. புற்றுநோய், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், காசநோய் இதையெல்லாம் ஒட்டி வருவது. பட்டினி கிடந்தால் உடம்பு கூடுமானவரை கொழுப்பை எரித்துத் தசையைக் காப்பாற்றப் பார்க்கும். கேக்கெக்ஸியாவிலோ நோய் கிளப்பிவிடும் அழற்சி இரண்டையும் சேர்த்துத் தின்கிறது, பசியையும் அடக்கிவிடுகிறது. அதனால்தான் முட்டை, சத்துமாவு என்று எவ்வளவு ஊட்டினாலும் அது மட்டும் போதாமல் போகிறது. வீட்டிலோ "சாப்பிடவே மாட்டேங்கிறார்" என்று நோயாளி மேலேயே கோபப்படுகிறோம், பாவம்.

என்னைக் கேட்டால் முதலாவதை யாரும் தவறவிடுவதில்லை. ஆபத்து, மூன்றாவதை இரண்டாவது என்று நினைத்து விட்டுவிடுவதில்தான் இருக்கிறது. பிரித்துப் பார்க்க நான் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று: எவ்வளவு நாளில் எவ்வளவு குறைந்தது? எடையைக் குறைக்க எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57க்குக் கீழே வந்திருந்தால், வயது மேல் பழி போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு என்று வேறு காரணமாகவும் இருக்கலாம், அதையும் அங்கேதான் பார்ப்பார்கள்.

பெரியப்பா எடை பார்க்கும் ஆள் இல்லை. ஆனால் அவர் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இரண்டு இருந்தது, இரண்டுமே தீபாவளிக்கு அப்புறம் போட்டதாம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. இப்போது நான்காவது மாத மாத்திரை ஓடுகிறது, உடம்பு தேறி, பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திப் போடுகிறார்.