பிராக் யூத மரபுச் சுற்றுப்பயணம்: கோட்டையைக் குறைத்து ஊரைக் கூட்டுங்கள்

டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஒரு பயண நிறுவனம் ஏற்பாடு செய்த 'பிராக் – தெரெசின் யூத மரபு' வார இறுதிப் பயணத்தில் போய் வந்தேன். பிராக் செக் நாட்டின் தலைநகர், தெரெசின் அதே நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ஊர். இதே மாதிரிப் பயணத்தைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன, ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். ஆனால் பணம் கட்டும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

முதல் நாள் யோசெஃபோவ், அதாவது பிராகின் பழைய யூதர் குடியிருப்பு. இன்று அந்தப் பகுதியின் நடுவே விலையுயர்ந்த கடைகள் வரிசையாக நிற்கும் பாரிஷ்கா தெரு ஓடுகிறது. 1893-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, சுகாதாரக் கேடு என்று சொல்லி, குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். ஆறு சினகாக் (யூதர் வழிபாட்டுக் கூடம்), நகர மண்டபம், கல்லறைத் தோட்டம் போன்ற சிலதான் மிஞ்சின. இடிபட்ட சினகாக்குகளின் பொருள்களைக் காப்பாற்றத்தான் 1906-ல் யூத அருங்காட்சியகமே தொடங்கியது. எங்கள் வழிகாட்டி கதையை இங்கிருந்து தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சாவைப் பற்றிப் பேசும் முன் வாழ்வைக் காட்டினார்.

கல்லறைத் தோட்டத்தில் அவசரப்படாதீர்கள். கிடைக்கும் மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது, கடைசியாகப் புதைத்தது 1787-ல். இடத்தை விரிக்க வழியில்லை, பழைய கல்லறையைத் தோண்டவும் சமயம் இடம் தராது. அதனால் மேலே மண் கொட்டிப் புதிய அடுக்கு எழுப்பி, பழைய கற்களையும் மேலே ஏற்றி நட்டார்கள். இப்படித்தான் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. எல்லாரும் புகழ்பெற்ற யூத மதகுரு ரபி லோவின் கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி எங்களை டேவிட் கான்ஸின் கல்லுக்கு அழைத்துப் போனார். டைகோ பிராஹே, கெப்லர் இருவரோடும் பழகிய வானியலாளர், 1613-ல் இறந்தவர். கல்லில் தாவீதின் நட்சத்திரமும் ஒரு வாத்தும் செதுக்கியிருக்கிறது. எங்கள் குழுவில் இயற்பியல் படிக்கிறவர்கள் அங்கிருந்து நகரவே இல்லை.

பின்காஸ் சினகாக்கைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. இன்றைய செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதிகளில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 யூதர்களின் பெயர்கள் உட்சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் சிவப்பில், அதையடுத்து வீட்டார் ஒவ்வொருவராக. முதலில் 1950-களில் வாட்ஸ்லாவ் போஷ்டிக், யிர்ஷி யான் என்ற இரு ஓவியர்கள் எழுதினார்கள். 1968-ல் ஈரம் ஏறுகிறது என்று கட்டடத்தை மூடினார்கள். கம்யூனிச ஆட்சி முடியும்வரை திறக்கவில்லை, எழுத்தும் அழிந்துபோனது. பிறகு 1992 முதல் 1996 வரை எல்லாப் பெயர்களையும் மறுபடி எழுதினார்கள்.

மாடியில் தெரெசின் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், பிள்ளைகள் வரைந்த படங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே கைதியாக இருந்துகொண்டே அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். படத்தில் உன் பெயரை எழுது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வாராம். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அந்தப் பெயர்கள் இருப்பதால்தான் எந்தப் படம் யாருடையது என்று இன்று நமக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் தெரெசின் போகிறோம் என்றால் மனம் எதைத் தேடும்? அந்தப் பிள்ளைகள் இருந்த இடத்தைத்தானே? அங்கேதான் பயண நிறுவனம் எங்களைக் கைவிட்டது. நேரத்தில் பெரும்பகுதியைச் சிறிய கோட்டைக்கே கொடுத்துவிட்டார்கள். சிறிய கோட்டை முக்கியமான இடம், மறுக்கவில்லை. 1940 முதல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவின் சிறையாக இருந்தது, கொடுமையின் அடையாளங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. ஆனால் அங்கே அடைபட்டவர்களில் பெரும்பாலோர் அரசியல் கைதிகள். யூதர்களை அடைத்த கெட்டோ ஆற்றின் மறுகரையில், மதில் சூழ்ந்த ஊர் முழுவதும். போருக்கு முன் ஏழாயிரம் பேர் இருந்த ஊரில் 1942 செப்டம்பரில் 58,000 பேருக்குமேல் அடைத்தார்கள். அந்த ஊருக்கு எங்களுக்குக் கிடைத்தது அருங்காட்சியகத்தில் ஓர் ஓட்டம், அவ்வளவுதான்.

அந்த ஊரில் இருக்கும் பழைய படைவீடான மக்டபர்க் பாராக்ஸை நிரலில் போட்டுவிட்டு, நேரமாயிற்று என்று விட்டுவிட்டார்கள். கெட்டோ மக்கள் நெருக்கியடித்துப் படுத்த அறை எப்படி இருந்தது என்பதையும், அந்த நிலையிலும் அவர்கள் செய்த இசை, நாடகம், ஓவியம் எல்லாவற்றையும் அங்கேதான் பார்க்க முடியும். டிக்கர்-பிராண்டைஸ் பாடம் நடத்திய சிறுமியர் விடுதி, எல்410 என்ற வீடு, சதுக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பேருந்து அதைத் தாண்டித்தான் போனது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. யூதர்கள் இங்கே நன்றாக இருக்கிறார்கள் என்று நம்பவைக்க, 1944 ஜூன் 23 அன்று நாஜிகள் செஞ்சிலுவைச் சங்கத்தாருக்குச் சுத்தப்படுத்தி, பூச்செடி வைத்துக் காட்டிய தெருக்கள் இவை. அந்த ஏமாற்றை அந்தத் தெருவில் நின்று சொன்னால்தான் உறைக்கும். எங்களுக்குப் பேருந்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் எல்லாரும் பேசினோம். உடன் வந்த ஜெர்மன் மாணவி, சிறிய கோட்டையைக் குறைக்கவே கூடாது, சிறை அறையில் நின்றபோதுதான் தனக்கு மூச்சுமுட்டியது என்றாள். அதுவும் நியாயம்தான். கொச்சியிலிருந்து வந்த நண்பன், மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி சினகாக் வழியாகத் தினமும் பள்ளிக்குப் போனவன். யூதர்கள் அச்சமில்லாமல் இருந்த ஊரில் வளர்ந்ததை இன்றுதான் யோசிக்கிறேன் என்றான். நான் சொன்னது ஒன்றுதான்: பின்காஸ் மாடியில் பார்த்த பெயர்களை தெரெசினில் ஒருவரும் எங்களுக்குத் தொடர்ந்து சொல்லவில்லை.

சில நடைமுறைச் செய்திகள். யூத அருங்காட்சியகம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும், அதனால் யோசெஃபோவை வெள்ளியன்று வையுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் கட்டி இன்றும் வழிபாடு நடக்கும் பழைய-புதிய சினகாக்கைத் தவறவிடாதீர்கள். டிக்கெட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளிக்கிழமைகளில் அது முன்னதாகவே மூடும். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தெரெசினுக்குச் சாப்பாடு எடுத்துப் போய்விடுங்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் முக்கியமாக.

குழுவோடு போக முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். டிரெஸ்டன் – பிராக் ரயில் பாதையில் போஹுஷோவிட்சே நிலையம் இருக்கிறது, அங்கிருந்து தெரெசின் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். 1943-ல் ஊருக்குள் தண்டவாளம் போடும்வரை மூட்டைமுடிச்சோடு கைதிகள் நடந்த வழி அதுதான். நிறுவனத்தோடு போவதானால் ஒன்று கேளுங்கள்: மக்டபர்க் பாராக்ஸுக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள்? ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.