கிரெடிட் கார்டை மூட எந்த வழி நல்லது? போன், ஆப், மின்னஞ்சல் ஓர் அலசல்

வேண்டாத கிரெடிட் கார்டை மூட வங்கிகள் தரும் வழிகளில் எங்கள் முதல் மதிப்பெண் மின்னஞ்சலுக்கு. அடுத்தது ஆப். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்வதைக் கடைசியில்தான் வைப்போம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். தபாலில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் அந்த 7 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்ட நம் கையில் சான்று வேண்டும். போன் பேச்சு சறுக்குவது இங்கேதான். "ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வாயைத் திறந்தால் மூடும் கோரிக்கை பதிவாகாமலே போகலாம். மின்னஞ்சலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தேதியும் நேரமும் தானே பதிவாகிவிடும். பதிவு செய்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். கார்டின் கடைசி 4 இலக்கம் போதும். முழு எண், சிவிவி, ஓடிபி எதையும் எழுத வேண்டாம். ஆப்பில் மூடினால் கோரிக்கை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். போன்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கே செய்யுங்கள். கூகுளில் தேடினால் போலி எண்களும் வரும்.

கோரிக்கை தட்டிக்கழிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் சில்லறை பாக்கிதான். மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை) மட்டும் கட்டி வந்தவர்களுக்கு, பில் தேதியிலிருந்து பணம் கட்டிய நாள் வரையிலான வட்டி அடுத்த பில்லில்தான் தலைகாட்டும். பில்லைப் பார்த்து முழுத்தொகை கட்டியும் "பாக்கி இருக்கிறது" என்று பதில் வருவது இதனால்தான். பில்லில் இன்னும் ஏறாத செலவு, வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து இன்றைய தேதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, அதைக் கட்டுங்கள். இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் மீதி அசலோடு முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் சேரலாம். கூடுதலாகக் கட்டிய பணம் பயப்பட வேண்டியதல்ல. மூடிய பிறகு வங்கி அதை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியாக வேண்டும்.

மூடச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் ஓடிடி சந்தா, ஃபாஸ்டேக் ரீசார்ஜ், இன்சூரன்ஸ் பிரீமியம் என அந்தக் கார்டில் தானாகக் கழியும் எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றுங்கள். பிரீமியம் தவறினால் பாலிசியே காலாவதியாகலாம். ரிவார்டு பாயின்ட்களையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

மூடலாமா என்பதையே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2 லட்சம், 1 லட்சம் லிமிட்டில் இரண்டு கார்டு வைத்து மாதம் 60,000 செலவழித்தால், மொத்த லிமிட்டில் உங்கள் பயன்பாடு 20 சதவீதம். பெரிய கார்டை மூடினால் அதே செலவு 60 சதவீதம்; கடன் தருபவர்கள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர் இறங்கக்கூடும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கடன் கைக்கு வரும்வரை பொறுக்கலாம். உறுத்துவது ஆண்டுக் கட்டணம் மட்டும்தான் என்றால், கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

மூடியதும் எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ வர வேண்டும். கூடவே பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூஸ் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். 30 நாட்களுக்குள் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தகவல் போயிருக்க வேண்டும். அவற்றிடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் அறிக்கையில் கணக்கு "க்ளோஸ்டு" என்று இருக்கிறதா பாருங்கள். "செட்டில்டு" என்று இருந்தால் விடாதீர்கள்: பாக்கியை முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர்களுக்கான குறிப்பு அது. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. விளக்கம் கேட்க 14448.